படக்கதைகளில் பதிந்த போர்: ஜப்பானியர் நினைவும் நம் நினைவும்

2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் திரைப்படம் தமிழ்க் குரலில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகளிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பன்னிரு திருத்தூதர்களின் பெயர்களைச் சொல்லும்போது ஏழாவது பெயரிலேயே தடுமாறும் பிள்ளை, அந்தக் கதையில் வரும் ஒன்பது வாள்வீரர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நம் தென்புறநகர் முழுவதும் இதே கதைதான். டோரேமானும் சின்சானும் ஏற்கெனவே வீட்டுப் பிள்ளைகள் போல் ஆகிவிட்டார்கள்.

பெற்றோருக்குக் கவலை. இரத்தமும் வாளும் பேயுமாக இருக்கிறதே, பிள்ளை கெட்டுப் போகாதா என்று கேட்கிறார்கள். கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தொலைக்காட்சியை அணைப்பதற்கு முன் ஒன்றைக் கவனிப்போம். கரி விற்கும் சிறுவன் ஒருவன் வீடு திரும்புகிறான். குடும்பமே கொல்லப்பட்டுக் கிடக்கிறது. எஞ்சிய தங்கையை முதுகில் சுமந்துகொண்டு பனியில் நடக்கிறான். ‘டீமன் ஸ்லேயர்’ இப்படித்தான் தொடங்குகிறது. ஒரே நாளில் வீட்டாரை இழந்த சிறுவன் ஜப்பானியப் படக்கதைக்குப் புதியவன் அல்ல. இந்தக் கதை 2016 முதல் 2020 வரை வெளிவந்தது ‘ஷோனென் ஜம்ப்’ என்ற வார இதழில். அதே இதழில் 1973-ஆம் ஆண்டு வேறொரு சிறுவனின் கதை தொடங்கியது. அவன் பெயர் கென். அவன் குடும்பத்தைக் கொன்றது பேய் அல்ல, அணுகுண்டு.

‘வெறுங்கால் கென்’ என்ற அந்தக் கதையை எழுதி வரைந்தவர் கெய்ஜி நகசாவா. 1945 ஆகஸ்டு 6 காலை அவருக்கு வயது ஆறு. ஹிரோஷிமாவில் தம் பள்ளி வாசலில் நின்றிருந்தார். அருகில் இருந்த காங்கிரீட் சுவர் அவரைக் காத்தது. வீடு இடிந்து, அதன் அடியில் சிக்கிய தந்தையும் அக்காவும் தம்பியும் நெருப்பில் மடிந்தனர். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த தாய் அன்றே தெருவில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. நகசாவா வளர்ந்து டோக்கியோ சென்று ஓவியரானார். ஆனால் அணுகுண்டைப் பற்றி வரையவில்லை, பேசவும் விரும்பவில்லை. 1966-இல் தாய் இறந்தார். தகனம் முடிந்து அஸ்தி பெறச் சென்றபோது எலும்புகள் உருவமாக எஞ்சவில்லை. வெண்ணிறத் துணுக்குகள் மட்டுமே கிடந்தன. கதிர்வீச்சு அம்மாவின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லையே என்ற கோபம்தான் அவர் கையில் பேனாவைத் திணித்தது.

பிள்ளைகள் படிக்கும் வார இதழில் இதை வரைந்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தோல் உரிந்து தொங்கக் கைகளை முன்னே நீட்டியபடி நடக்கும் மனிதர்கள், புழு வைத்த புண்கள், அரிசிக்காகத் திருடும் அநாதைச் சிறுவர்கள் எல்லாம் அதில் உண்டு. சிரிப்பும் உண்டு, குறும்பும் உண்டு. போர் வேண்டாம் என்று சொன்னதற்காகத் துரோகி என்று ஊரார் ஒதுக்கிய தந்தை, தன் மகனுக்குக் கோதுமைப் பயிரைக் காட்டுகிறார். பனிக்காலத்தில் மிதித்து விடப்படும் இளம் பயிர்தான் பிறகு வேரூன்றி நிமிர்கிறதாம். மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியை நற்செய்தியில் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அந்தப் பக்கம் அந்நியமாக இராது. தொடர் பல இதழ்களுக்கு மாறிப் பத்துத் தொகுதிகளாக 1987-இல் முடிந்தது.

அதே 1973-இல் இன்னொரு போர்ப் படக்கதையும் வந்தது. ஷிகேரு மிசுக்கி அதை வரைந்தார். இளம் சிப்பாயாகப் பசிபிக் தீவுகளில் ரபாவுல் பகுதிக்கு அனுப்பப்பட்டு, மலேரியாவில் கிடந்தபோது விழுந்த குண்டில் இடக்கையை இழந்தவர் அவர். எஞ்சிய ஒரு கையால் ஆயுள் முழுவதும் வரைந்து 2015-இல் மறைந்தார். அவர் கதையில் ஒரு படைப்பிரிவுக்குக் ‘கௌரவமாகச் சாகும்படி’ கட்டளை வருகிறது. சிலர் பிழைத்து விடுகிறார்கள். எல்லாரும் வீரமரணம் அடைந்ததாகத் தலைமையகம் ஏற்கெனவே அறிவித்துவிட்டதால், பிழைத்தவர்கள் மறுபடியும் போய்ச் சாகவேண்டும் என்று அதிகாரி ஒருவர் வருகிறார்! மரங்களையும் மலைகளையும் புகைப்படம் போல் நுணுக்கமாக வரைந்து, மனிதர்களை மட்டும் கோமாளிகள் போல் வரைந்திருப்பார். என்னைக் கேட்டால் இருவரில் மிசுக்கியையே முதலில் படிக்கச் சொல்வேன். கோபத்தை உரக்கச் சொல்வதைவிட முட்டாள்தனத்தை அமைதியாகக் காட்டுவது நெஞ்சில் அதிகநாள் தங்குகிறது. ஆனால் பிள்ளைகள் கையில் கொடுப்பதென்றால் கென்தான்.

நினைவு என்பது தானாக நிலைத்திருப்பதில்லை. 2012 டிசம்பரில், நகசாவா இறந்த அதே மாதத்தில், மட்சுவே நகரின் கல்வி அலுவலகம் பள்ளி நூலகங்களில் ‘கென்’ புத்தகங்களைப் பிள்ளைகள் எடுக்க முடியாதபடி உள்ளறையில் வைக்கச் சொன்னது. அணுகுண்டுக் காட்சிகள் காரணமல்ல. பிந்திய தொகுதிகளில் ஜப்பானியச் சிப்பாய்கள் சீனாவிலும் பிற நாடுகளிலும் செய்த கொடுமைகள் வரையப்பட்டிருந்தன. அவைதான் பிரச்சினையாயின. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, 2013 ஆகஸ்டில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து 2023-இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து கென்னை நீக்கியது. நாங்கள் அடிபட்டோம் என்பதைச் சொல்லும் பக்கங்களை எந்த நாடும் வைத்துக்கொள்ளும். நாங்கள் அடித்தோம் என்று சொல்லும் பக்கங்களுக்குத்தான் பூட்டு தேடப்படுகிறது.

கத்தோலிக்கர்களாகிய நமக்கு ஹிரோஷிமாவைவிட நாகசாகி நெருக்கமானது. இருநூற்று ஐம்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்து, குருக்கள் இன்றியே விசுவாசத்தைக் காத்த கிறிஸ்தவர்களின் வாரிசுகள் வாழ்ந்த உரகாமிப் பகுதியின் மேல்தான் 1945 ஆகஸ்டு 9 அன்று குண்டு வெடித்தது. சுமார் 12,000 இறைமக்களில் 8,500 பேர் இறந்தனர் என்பது கணக்கு. அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு முந்திய நாட்கள் அவை. பேராலயத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்காகக் காத்திருந்தவர்களும் குருக்களும் அங்கேயே மாண்டனர். கதிரியக்க மருத்துவரான தகாஷி நாகாய் தம் வீட்டுச் சாம்பலில் மனைவி மிதோரியின் எலும்புகளையும், அருகில் உருகிக் கிடந்த செபமாலையையும் கண்டெடுத்தார். அவ்வாண்டு நவம்பர் 23-இல் நடந்த நினைவுத் திருப்பலியில், உரகாமி மக்கள் போரின் முடிவுக்காகத் தெரிந்துகொள்ளப்பட்ட மாசற்ற பலி என்ற பொருளில் அவர் பேசினார். ஹிரோஷிமா கோபப்படுகிறது, நாகசாகி செபிக்கிறது என்று ஜப்பானியரிடையே ஒரு பேச்சு வழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த உரை துயருற்ற மக்களுக்கு ஆறுதல் தந்தது. மறுக்க முடியாது. ஆனால் குண்டை வீசியவர்களையும் போரைத் தொடங்கியவர்களையும் கேள்வி கேட்காமல் தப்பவிடுகிறது என்ற விமரிசனமும் பின்னாளில் எழுந்தது. 1981 பிப்ரவரி 25 அன்று ஹிரோஷிமா வந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், போர் மனிதரின் செயல் என்று வெளிப்படையாகச் சொன்னார். உயிர்தப்பிய கத்தோலிக்கர்களில் சிலருக்கு அந்தச் சொல் ஒரு விடுதலையாக இருந்தது. இது கடவுள் அனுப்பியதல்ல, ஆகவே இதைப் பற்றிப் பேசலாம், எதிர்க்கலாம் என்று அவர்கள் வெளியே வந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2017 இறுதியில், இறந்த தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு தகனத்துக்காக நிற்கும் நாகசாகிச் சிறுவனின் புகைப்படத்தை அட்டையாக அச்சிட்டுத் தரச் செய்ததும், 2019 நவம்பரில் இரு நகரங்களுக்கும் சென்றதும் நாம் அறிந்தவையே. 2025 ஆகஸ்டு 9 காலை 11.02 மணிக்கு உரகாமிப் பேராலயத்தின் இரு மணிகளும் 80 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகச் சேர்ந்து ஒலித்தன. அழிந்துபோன மணிக்கு ஈடாக இரண்டாவது மணியை அளித்தவர்கள் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள்.

நாகாய் எழுதிய ‘நாகசாகியின் மணிகள்’ நூலைப் பற்றிப் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1949-இல் அது வெளிவந்தபோது ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்க நிர்வாகம் ஒரு நிபந்தனை விதித்தது. பிலிப்பைன்ஸின் மணிலா நகரில் 1945-இல் ஜப்பானியப் படையினர் செய்த படுகொலைகளைப் பற்றிய அறிக்கையையும் அதே அட்டைக்குள் சேர்த்து அச்சிட வேண்டும் என்பதே அது. அமெரிக்கர்களுக்கு அதில் அரசியல் உள்நோக்கம் இருந்தது உண்மை. தங்கள் குண்டை நியாயப்படுத்த அவர்களுக்கு மணிலா தேவைப்பட்டது. இருந்தாலும் மணிலாவில் மாண்டவர்களும் பெரும்பாலும் கத்தோலிக்கர்களே. நாகசாகியின் செபமாலையும் மணிலாவின் செபமாலையும் ஒரே நூலுக்குள் வந்தது வெற்றி பெற்றவரின் கட்டளையால்தான்.

கட்டளை இல்லாமல் அடுத்தவர் காயத்தை வரைந்தவர்கள் ஜப்பானில் உண்டா? உண்டு. நகசாவாவின் கதையில் கென்னின் குடும்பத்துக்கு உதவுபவர் பக்கத்து வீட்டுக் கொரியர். 1968-இல் ஹிரோஷிமாவில் பிறந்த ஃபுமியோ கோனோ, குரே என்ற கடற்படைத் துறைமுக நகரில் வாழும் ஓர் எளிய குடும்பப் பெண்ணின் கதையை 2007 முதல் 2009 வரை வரைந்தார். அது 2016-இல் திரைப்படமாகவும் வந்தது. போர் அவளிடமிருந்து ஒரு கையையும் ஒரு குழந்தையையும் பறிக்கிறது. ஜப்பான் சரணடைந்த செய்தியை வானொலியில் கேட்டு, இத்தனை இழந்தது இதற்குத்தானா என்று ஆத்திரத்தோடு வெளியே ஓடுகிறாள். அப்போது ஊரில் எங்கோ ஒரு வீட்டில் கொரியக் கொடி ஏற்றப்படுவதைக் காண்கிறாள். நாம் துயரப்படும் இதே நாள் அவர்களுக்கு விடுதலை நாள் என்பது அந்த ஒரு கட்டத்தில் அவளுக்கு விளங்குகிறது. ஹிரோஷிமாவில் இறந்த கொரியர்களுக்கு 1970-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் இருந்தது. 1999-இல்தான் அது உள்ளே வந்தது.

இந்த இடத்தில் நம் தாம்பரத்துக்கே ஒரு தொடர்பு இருப்பதைச் சொல்ல வேண்டும். 1938 டிசம்பரில், ஓராண்டுக்கு முன்தான் தாம்பரத்துக்கு இடம் மாறியிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், சீர்திருத்தச் சபைகளின் உலக மறைப்பணி மாநாடு நடந்தது. சீனாவில் ஜப்பானியப் படை நான்கிங் நகரைச் சூறையாடி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை எனலாம். அந்த நேரத்தில் சீனப் பிரதிநிதிகளும் ஜப்பானியப் பிரதிநிதிகளும் அதே வளாகத்தில் சேர்ந்து செபித்தார்கள். ஜப்பானிலிருந்து வந்தவர்களில் ஒருவர், சேரி மக்களிடையே வாழ்ந்து பணியாற்றிய தொயோகிகோ ககாவா. சீன மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியதற்காக 1940-இல் ஜப்பானிய இராணுவக் காவலர்கள் அவரைக் கைது செய்தார்கள். அதே ககாவா போரின் பிற்பகுதியில் அமெரிக்காவைக் கண்டித்து வானொலியில் பேசினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போர் நடக்கும்போதே எதிரியின் காயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அத்தனை கடினம்.

சரி, ஜப்பானின் போரில் நம் தமிழர் இல்லையா? இருந்தார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942–43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அழைத்தும் பிடித்தும் கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்கள் மாண்டார்கள். அங்கே இறந்த ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. 1957-இல் வந்த ‘க்வாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலப் படம் உலகத்துக்கே அந்தக் கதையைச் சொன்னது. படம்பிடித்தது இலங்கையின் கித்துல்கல பகுதியில். ஆனாலும் கதையின் நாயகர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களே. தமிழ்த் தொழிலாளருக்குக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது 2023-இல்தான், அதுவும் மலேசியத் தமிழர்களின் முயற்சியால். நான் படித்த ஜப்பானியப் படக்கதைகளிலும் அவர்கள் இல்லை.

புனித தோமையார் மலையிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் சாலையில் நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பேருந்திலிருந்து நம்மில் பலர் பார்த்திருப்போம். 1952-இல் அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இறந்த எண்ணூறுக்கும் மேற்பட்டோரின் கற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. புல் வெட்டப்பட்டு, பூச்செடி வைக்கப்பட்டு, பெயரும் வயதும் படைப்பிரிவும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. மறைக்கல்விப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லலாம். பெயர் எழுதி வைக்கப்பட்டவர் எப்படி நினைக்கப்படுகிறார் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

நம் சொந்த ஊரில் போரின் நினைவு எங்கே தங்கியிருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் பேச்சில்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. கப்பல் மூழ்கி நூறாண்டுகளுக்கு மேலாகியும், ‘அவன் பெரிய எம்டன்’ என்று தாத்தாக்கள் சொல்வது நிற்கவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து சென்னையே காலியானது. மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைக்கூடச் சுட்டுக் கொன்றார்கள். அதுவும் பாட்டிகளின் கதையாக வந்து, பாட்டிகளோடு போய்விட்டது. படக்கதையில் நாம் படித்தது வேறு. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி, இங்கிலாந்துச் சரக்கு. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து அதைப் படித்த தலைமுறை எங்களுடையது. உளவாளிகளும் இரகசிய ஆயுதங்களும் நிறைந்த அந்தக் கதைகளில் போர் ஒரு விளையாட்டு. யாருடைய வீடு எரிந்தது என்ற கேள்வியே எழாது.

ஆனால் நம் காலத்திலேயே, இராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தமிழரின் வீடுகள் எரிந்தன. 1983 முதல் அகதிகளாக வந்தவர்களுக்காகத் தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உருவாயின. 2021-இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. முகாமுக்கு வெளியே, நம் புறநகர்த் தெருக்களில் வாடகை வீட்டில் வாழும் குடும்பங்களும் உண்டு. திருப்பலியில் நம் பக்கத்தில் அமர்கிறவர்கள்தான். அவர்களுடைய போரைப் படக்கதையாக வரைந்தது யார் தெரியுமா? இரண்டு ஆங்கிலேயர்கள்.

பெஞ்சமின் டிக்ஸ் ஐ.நா. ஊழியராக வன்னியில் பணியாற்றியவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகாதீர்கள், நீங்கள் போனால் எங்களுக்குச் சாட்சி இல்லை என்று மக்கள் வாசலில் நின்று மன்றாடினார்கள். அவரும் வெளியேறினார். அந்தப் பாரம் அவரை விடவில்லை. உயிர்தப்பியவர்களின் சாட்சியங்களைச் சேகரித்து, அவற்றிலிருந்து ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கி, ஓவியர் லிண்ட்சே பொல்லாக்குடன் சேர்ந்து ‘வன்னி’ என்ற படக்கதையை 2019-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சுனாமியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, பிறகு முகாம் வரை ஒரு குடும்பம் சிதறுவதைக் கருப்பு வெள்ளையில் காட்டும் புத்தகம். யூதப் படுகொலையைப் பற்றி ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த ‘மவுஸ்’ தமக்கு வழிகாட்டியது என்று டிக்ஸ் சொல்லியிருக்கிறார். அந்த ஸ்பீகல்மன் ‘மவுஸ்’ வேலையைத் தொடங்கிய நாட்களில், காய்ச்சலில் படுத்திருந்தபோது படித்த புத்தகம் நகசாவாவின் ‘கென்’! பின்னர் அதன் ஆங்கிலப் பதிப்புக்கு அவரே முன்னுரையும் எழுதினார். ஹிரோஷிமாச் சிறுவனின் கோபம் நியூயார்க் வழியாகச் சுற்றி முள்ளிவாய்க்காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வேற்று மொழிக்காரர் நமக்காக வரைந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அத்தோடு நின்றுவிடவும் முடியாது. கென்னை வரைந்தவர் கென்தான். நம் பிள்ளைகளில் ஒருவர் வரைந்த வன்னி இன்னும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. வரைய வேண்டியவை குறைவா? 1995 ஜூலை 9 அன்று அடைக்கலம் தேடியிருந்த மக்கள்மேல் குண்டு விழுந்த நவாலி புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. 2008-இல் போர் நெருங்கியபோது தம் திருத்தலத்தை விட்டு இடம்பெயர்ந்த மடு அன்னையின் திருவுருவம் இருக்கிறது. 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு தாமும் சென்று, பிறகு எங்கே என்றே தெரியாமல் போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இருக்கிறார். 1,46,679 பேர் கணக்கில் வரவில்லை என்று 2011 ஜனவரியில் அரசின் ஆணைக்குழு முன் எண்ணோடு நின்ற மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் இருக்கிறார். 2021-இல் அவர் மறையும்வரை அந்தக் கேள்விக்கு விடை வரவில்லை. முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் உயிர்காத்த உப்பில்லாக் கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிப் பகிர்கிறார்கள். அந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காக 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்தில் பெண்களைக் கைது செய்தார்கள். கஞ்சிக் கோப்பைக்கே இத்தனை பயமென்றால், படத்துக்கு எத்தனை பயப்படுவார்கள்!

இங்கேதான் ஜப்பானியரிடமிருந்து கற்க வேண்டிய கடினமான பாடம் வருகிறது. நம் கதையில் அந்தக் கொரியக் கொடி எங்கே? 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் சில மணி நேரமே கெடு. அதற்கு இரண்டு மாதம் முன்பு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் சொந்தப் பிள்ளைகளையே வீடு புகுந்து போருக்கு இழுத்துச் சென்றதும் நடந்தது. இவற்றைச் சொன்னால் நம் துயரம் சிறுத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். மட்சுவே அதிகாரிகளின் அச்சமும் இதுவேதான். மணிலாவை நினைவூட்டினால் நாகசாகி குறைந்து போகுமா? குறைத்துப் பேசுகிறவர்கள் இருப்பார்கள்தான். ஆனால் இறந்தவர்கள் குறைவதில்லை.

இந்தியர்களாகிய நமக்கும் ஒரு பக்கம் உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் நின்ற நம் அமைதிப்படையில் 1,100-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தனர். அதே படை 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டனர். திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. பிறகு 1991 மே 21 வந்தது. நம் பகுதியிலிருந்து அதிகத் தொலைவில்லாத திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டனர். அன்று முதல் இந்தப் புறநகர்களில் இலங்கையைப் பற்றிப் பேசும் குரல் தாழ்ந்தது. அகதிக் குடும்பங்கள் காவல்நிலையத்துக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் பயந்து வாயடைத்துப் போயின. பேசாத வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயதுக்கு மேல். அவர்களுக்குத் தெரிந்தது வலைத்தளக் காணொளிகளின் போர். அதில் நாயகனும் வில்லனும் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

பாஸ்கா இரவில் பிள்ளை கேட்கும் கேள்விக்குத் தந்தை பதில் சொல்ல வேண்டும் என்று இஸ்ரயேலருக்குக் கட்டளை இருந்தது. கேட்பது பிள்ளையின் வேலை, சொல்வது வீட்டின் வேலை. வரும் மே மாதத்தில் பங்குகளில் விடுமுறை விவிலியப் பள்ளி நடக்கும். வண்ணம் தீட்டவும் படம் வரையவும் ஒரு மணிநேரம் ஒதுக்குவது வழக்கம்தான். நோவாவின் பேழையையே ஆண்டுதோறும் வரையாமல், ஒரு நாள் மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவர் கண்ட போரையோ கலவரத்தையோ இடப்பெயர்வையோ நான்கைந்து கட்டங்களில் வரைந்து வரச் சொல்லலாம். பர்மாவிலிருந்து நடந்தே வந்த பாட்டனார், மண்டபத்தில் படகிலிருந்து இறங்கிய அம்மா, 1990-இல் சீருடையோடு யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய மாமா என்று நம் ஒவ்வொரு பங்கிலும் ஒருவராவது கிடைப்பார். அவருக்கு உதவியவர் யார், அவரைப் போலவே பயந்த மற்றவர் யார் என்றும் கேட்டு வரச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களுக்குச் சங்கடமான படங்கள் சில வரும். மாமாவின் படமும் அம்மாவின் படமும் ஒரே சுவரில் ஒட்டப்பட வேண்டியிருக்கும். பார்க்கும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். யார் என்ன பதில் சொல்வது என்பதைப் பங்குத்தந்தையும் பெற்றோரும் விடுமுறைக்கு முன்பே கூடிப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.